கிழவனும் கூட்டாளியாம்

அந்தப் படத்தைப் பற்றி யார் என்ன சொன்னாலும் எனக்கு வயிறு எரிகிறது. பிரமாதம் என்றாலும் எரிகிறது, குப்பை என்றாலும் எரிகிறது. குப்பை என்று சொன்ன ஒரே ஒரு ஆளைத்தான் பார்த்தேன். அவரும் பாட்டு இல்லை என்பதற்காகச் சொன்னார்.

முதலில் ரயிலில்தான் காதில் விழுந்தது. நான் தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவள். துணி ஏற்றுமதி கம்பெனியில் செக்கிங். தைத்து வந்த சட்டையில் குற்றம் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. எங்கள் பெட்டியில் ஒரு பெண்கள் கூட்டம் உண்டு. கீரை ஆய்வார்கள், பீன்ஸ் நறுக்குவார்கள், மாமியாரை நறுக்குவார்கள். ஞாயிற்றுக்கிழமை பார்த்த படத்துக்குத் திங்கட்கிழமை தீர்ப்பு. பங்காருபேட்டை வருவதற்குள் கதை முடிந்துவிட வேண்டும், அதற்கப்புறம் நட்சத்திரம் கொடுப்பார்கள். கையில் முருங்கைக்காயை வைத்துக்கொண்டு அரை நட்சத்திரத்துக்குச் சண்டை போடுவார்கள். சும்மா சொல்லக்கூடாது, எனக்கும் பிடித்த நேரம்தான் அது, இந்தப் படம் வருகிற வரைக்கும்.

ஒரு மோசடிக்காரன் கதை. சின்ன ஊர் ஒன்றுக்கு வருகிறான். அரச வம்சத்துக் கண்காட்சிக்குப் பழைய நகை வேண்டும், காட்டிவிட்டுத் திருப்பித் தருவோம், ஊர் பெயர் உலகமெல்லாம் தெரியும் என்கிறான். ஊரில் எல்லோரும் மதிக்கிற கிழவர் ஒருவர், ரிட்டையரான போஸ்ட்மாஸ்டர், அவனை வீடு வீடாக அழைத்துக்கொண்டு போகிறார். செத்துப்போன மனைவியின் தாலியை அவர்தான் முதலில் எடுத்து நீட்டுகிறார். அதைப் பார்த்து ஊரே கழற்றிக் கொடுக்கிறது. நடுவில் இரண்டு மூன்று கொலை. எல்லாமே சிரிப்பு.

"பொணத்துக்குக் கூலிங் கிளாஸ் மாட்டி ஆட்டோவுல உக்கார வெச்சிகினு போறான் பாரு," என்றாள் எங்கள் கூட்டத்து நர்ஸ். "போலீஸ்காரன் அதுகிட்டயே அட்ரஸ் கேக்கறான். சிரிச்சி சிரிச்சி எனக்கு வயித்த வலியே வந்துருச்சி."

"அதெல்லாம் வுடுக்கா, ட்விஸ்ட்டுதான் மாஸ்," என்றாள் ஐடி கம்பெனிக்குப் போகிற சின்னப் பெண். "கடைசில டீக்கடையில அவன் ஒக்காந்துகினு கீறான். அந்தக் கெழவன் வந்து எதுர்ல ஒக்காந்து, பாக்கெட்லருந்து அதே தாலிய எடுக்கறான். அடுத்த ஊருக்கும் இதே போதும்றான். நான் மொதல்லயே கெஸ் பண்ணிட்டேன்."

"சும்னே புளுகாதடி."

"சத்தியமாக்கா! உள்ளூர் ஆளு கூட இல்லாம வெளியூர்க்காரன் ஒரு ஊரையே எப்டி ஏமாத்துவான்? லாஜிக் வேணாமா?"

அந்த லாஜிக்கைக் கேட்டதும் என் டிபன் டப்பாவை மூடி வைத்துவிட்டேன். எங்கள் லைனில், சுரங்கக்காரர்களுக்குக் கட்டின வரிசை வீடுகளில், போன மழைக்காலத்தில் நடந்தது அவர்களுக்குத் தெரியாது. நானும் சொன்னதில்லை.

என் நைனா மைன்ஸில், ஆள் இறங்குகிற குழியான ஷாஃப்ட் வாசலில் நின்றவர். கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஆள் ஏற்றி, மணி அடித்து, கீழே அனுப்புகிற வேலை. இறங்குகிற ஒவ்வொருத்தரும் தன் நம்பர் போட்ட பித்தளை டோக்கனை அவர் கையில் கொடுத்துவிட்டு இறங்குவார்கள். ஷிப்டு முடிந்து மேலே வந்ததும் வாங்கிக்கொள்வார்கள். பலகையில் ஒரு டோக்கன் தொங்கிக்கொண்டிருந்தால் ஒரு ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். அதை எடுத்துக்கொள்ள ஆள் வருகிற வரைக்கும் நைனா வீட்டுக்கு வரமாட்டார். சோறு ஆறிப் போய்க் கிடக்கும், அம்மா வாசலில் நின்று திட்டிக்கொண்டிருப்பாள்.

அந்த டோக்கனைக் கொடுக்கும்போது ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். திருப்பிக் கொடுப்பியா என்று தமாஷுக்குக்கூடக் கேட்கமாட்டார்கள். கேட்டால் அது ஆகாத பேச்சு. ஒருமுறை புதிதாக வேலைக்கு வந்த ஒருவன் கேட்டுவிட்டானாம், மற்றவர்கள் அவனை அன்றைக்குக் கேஜில் ஏறவே விடவில்லையாம். மைன்ஸை இழுத்து மூடினபோது எல்லோரும் தங்கள் டோக்கனை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். சிலர் சாவிக் கொத்தில் மாட்டினார்கள். சில வீட்டில் புத்தர் படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கியது. புருஷன் போன பிறகு அவர் போட்டோவிலேயே கட்டித் தொங்கவிட்டவர்களும் உண்டு.

போன மழைக்காலத்தில் ஒருவன் வந்தான். நல்ல சட்டை, நல்ல பேச்சு. டீக்கடையில் விசாரித்துக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தான். கதவைத் தட்டின விதம்தான் நைனாவை விழ வைத்தது. மூன்று தட்டு, நடுவில் இடைவெளி விட்டு. ஷாஃப்டில் மூன்று மணி அடித்தால் ஆள் ஏறுகிறார்கள் என்று அர்த்தம். சாப்பிட்டுக்கொண்டிருந்த மனுஷன் எச்சில் கையோடு எழுந்து ஓடிப் போய்க் கதவைத் திறந்தார்.

"எங்க தாத்தாவும் நந்திதுர்க் ஷாஃப்டுதாங்க," என்றான் அவன். தரையில் உட்கார்ந்தான். எங்கள் வீட்டு ரசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்தான். சாம்பியன் ரீப்ஸில் ஒரு சுவர் கட்டப் போகிறார்களாம். வேலை செய்த அத்தனை பேர் டோக்கனையும் அதில் பதித்து, கீழே பெயர் போடப் போகிறார்களாம். பாலிஷ் போட்டுக் கொண்டுவர எடுத்துப்போக வேண்டுமாம்.

எனக்கு அப்போதே மனதுக்குள் என்னவோ இடித்தது. "யாரு நைனா கட்றாங்க? கவர்மெண்டா, கம்பெனியா?" என்று கேட்டேன்.

"யார் கட்டுனா இன்னாம்மா," என்றார் நைனா. "நம்பள இங்க கொண்டாந்து பூமிக்குள்ள எறக்குனாங்க, மூடிட்டுப் போய்ட்டாங்க. நாங்க இருந்தோம்னு சொல்ல ஒரு செவுரு வேணாமா?"

நைனா முதலில் தன் டோக்கனைக் கழற்றி அவனிடம் கொடுத்தார். பிறகு ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு லைன் முழுக்க நடந்தார். அவன் பின்னால் நல்ல பிள்ளையாக நடந்தான். யாரும் அவன் கையில் கொடுக்கவில்லை. எல்லோரும் நைனா கையில்தான் கொடுத்தார்கள்.

அத்தை என்று நான் கூப்பிடுகிற அடுத்த வீட்டுக்காரி, அம்மா போன பிறகு எனக்குக் குழம்பு கொண்டுவந்து கொடுத்தவள், சுரங்கத் தூசு நெஞ்சை அடைத்துப் புருஷனை இழந்தவள். போட்டோவிலிருந்து டோக்கனை அவிழ்த்து, முந்தானையில் துடைத்து, நைனா உள்ளங்கையில் வைத்தாள். "தெனமும் உங்க கையிலதானண்ணா குடுத்துட்டு எறங்குனாரு," என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை. லைனில் ஒருவர்கூட எப்போது திரும்பி வரும் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவன் அங்கேயே முழித்திருப்பான். நம் ஆட்கள் கேட்கமாட்டார்களே, பாழாய்ப்போன பழக்கம்!

அப்புறம் என்ன, அவன் போன் அணைந்தது அணைந்ததுதான். புதுச் சுவர் இவ்வளவு உயரம் வரும் என்று காம்பவுண்டு சுவரில் அவன் சுண்ணாம்புக்கட்டியால் போட்டுக் காட்டின கோடு மட்டும் மழையில் கரைகிறவரை இருந்தது. புகார் கொடுக்கப் போன இடத்தில், பித்தளை வில்லைக்கா கேஸ் என்று சிரித்தார்கள். பிறகுதான் யாரோ சொன்னார்கள், இந்த மாதிரிப் பழைய சாமான்களைப் பெங்களூரில் பார்களிலும் ஹோட்டல்களிலும் அழகுக்கு மாட்டி வைக்கிறார்களாம். சுவர் என்று சொன்னான், ஏதோ ஒரு சுவரில்தான் தொங்கிக்கொண்டிருக்கும். குடிக்கிறவன் அண்ணாந்து பார்த்துப் போட்டோ எடுத்துக்கொள்வான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அப்போது யாரும் நைனாவைக் குறை சொல்லவில்லை. "அண்ணனுக்கே தலையில மொளகா அரைச்சிட்டானே, படுபாவி" என்றுதான் சொன்னார்கள். டீக்கடை பெஞ்சில் அவருக்கு இடம் விட்டார்கள். அத்தை குழம்பு கொண்டுவருவது நிற்கவில்லை. அவர்தான் தலை நிமிராமல் இருந்தார். அவர் கையில் கொடுத்த டோக்கன் திரும்பாமல் போனது அதுதான் முதல்முறை. அதோடு போயிருந்தால் காலம் ஆற்றியிருக்கும்.

படம் வந்தது. லைனில் வீட்டுக்கு வீடு போனிலும் டிவியிலும் பார்த்தார்கள். முதல் வாரம் ஒன்றுமில்லை. அடுத்த வாரம் நைனா டீக்கடைக்குப் போய்விட்டு டீ குடிக்காமல் திரும்பி வந்தார். "என்ன கண்டதும் பேச்ச நிறுத்திட்டானுங்க," என்றார். "இன்னா விஷயம்னு உனுக்கு எதுனா தெரியுமா?"

எனக்குத் தெரியும். குழாயடியில் காதுபடவே பேசினார்கள். பித்தளைக்காக எவனாவது இவ்வளவு பாடுபடுவானா, உள்ளே வேறு என்னவோ இருந்திருக்கிறது, வீடு வீடாக அழைத்துப் போனவருக்குப் பங்கு இல்லாமலா? ஆக, படம் பார்த்து எங்கள் லைனுக்கும் லாஜிக் வந்துவிட்டது.

அந்த வாரம் போனில் அந்தப் படத்துக்குக் கீழே ஜனங்கள் எழுதியிருந்ததை எல்லாம் உட்கார்ந்து படித்தேன். கிழவருக்கு விருது கொடுங்கள் என்று ஒருவர். கிழவனை வைத்துத் தனியாக இன்னொரு பாகம் எடுங்கள் என்று ஒருவர். அப்பாவி மூஞ்சியை இனிமேல் நம்பவே மாட்டேன் என்று ஒருத்தி எழுதியிருந்தாள், அதற்கு எத்தனையோ பேர் கைதட்டியிருந்தார்கள். படுபாவிகளா, ஏமாந்தவன் வெறுமனே ஏமாந்தவனாக இருந்தால் உங்களுக்கு ருசிக்காதா? நானும் எதையோ தட்டினேன். தட்டத் தட்ட அழுகை வந்தது, அழித்துவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அத்தை வந்தாள். கையில் குழம்புக் கிண்ணம் இல்லை. அதைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

"அண்ணா, ஒண்ணு கேப்பேன், கோச்சிக்கக் கூடாது."

"கேளும்மா," என்றார் நைனா.

"படத்துல வர்ற மாதிரி... நீங்களும் அவனும் மின்னாடியே பேசி வெச்சிகினீங்களா?"

நைனா அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இன்னா படம்? எவன்?" என்று என்னைப் பார்த்தார்.

"வாயக் கழுவுங்க அத்த!" என்று நான் கத்தினேன். "யார் வீட்ல நின்னுகினு இன்னா பேச்சு பேசறீங்க?"

"நீ சும்மா இரு." நைனா நிதானமாகத்தான் இருந்தார். "ஏம்மா, நான்தான மொதல்ல என் டோக்கன குடுத்தேன்? நீயும் பாத்துகினுதான இருந்த?"

"படத்துலயும் அந்தக் கெழவன்தாண்ணா மொதல்ல குடுக்கறான்," என்றாள் அத்தை.

நைனாவிடம் இருந்தது அந்த ஒரு சாட்சிதான். அதைத்தான் இத்தனை மாதம் மனதுக்குள் வைத்துக்கொண்டு நடமாடினார். எவனோ ஒருவன் எங்கேயோ குளிர்ந்த ரூமில் உட்கார்ந்து ட்விஸ்ட் எழுதினான், இவர் கையிலிருந்த அந்த ஒன்றும் போய்விட்டது. அவனைச் சபிக்கக்கூட எனக்கு வழியில்லை. எங்கள் நைனாவை அவனுக்குத் தெரியாது.

"அந்தப் படத்த நானும் பாக்கணும்," என்றார் நைனா.

"எங்க வூட்டுக்கே வாங்க. டிவியில போடறேன்," என்றாள் அத்தை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டுப் போனோம். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். அத்தை நாற்காலி போட்டாள். லைனில் நாலைந்து பேர் வாசலில் வந்து நின்றார்கள், வழியோடு போகிறவர்கள் மாதிரி. டிவிக்குப் பக்கத்தில் மாமாவின் போட்டோ, அதில் டோக்கன் கட்டியிருந்த நூல் மட்டும் தொங்கியது.

நைனா படத்தை ரசித்துப் பார்த்தார். அதுதான் கொடுமை. பிணத்துக்குக் கூலிங் கிளாஸ் மாட்டின இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து எத்தனை நாள் ஆகியிருந்தது! போஸ்ட்மாஸ்டர் கிழவர் தாலியை எடுத்தபோது நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"ஐயோ, குடுக்காதய்யா! அது பொண்டாட்டி தாலிய்யா! அவன் திருட்டுப் பையன்யா!" என்று டிவியைப் பார்த்துச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "பாவம், நல்ல மனுஷன். இதுல மாட்டிக்கினான் பாரு," என்றார்.

அத்தை படத்தைப் பார்க்கவில்லை. ஆரம்பத்திலிருந்து நைனாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றவர்களும் அப்படித்தான்.

கடைசிக் காட்சி வந்தது. டீக்கடை. கிழவன் வந்து எதிரில் உட்கார்ந்தான். "அப்டிப் போடு!" என்று நைனா தொடையைத் தட்டினார். "தேடிப் புடிச்சிட்டான் பாரு! வுடாத, தாலியக் கேளு!"

கிழவன் பாக்கெட்டிலிருந்து தாலியை எடுத்தான். இருவரும் சிரித்துக்கொண்டே டீயை உறிஞ்சினார்கள். நைனா திரையையே பார்த்தார். அவருக்குப் புரியவில்லை.

"திருப்பிக் குடுத்துட்டானா?" என்று என்னிடம் கேட்டார்.

"இல்ல நைனா," என்றேன். "அந்தக் கெழவனும் கூட்டாளி."

"கூட்டாளியா? இப்ப சேந்துகினானா?"

"மொதல்லருந்தே."

"மொதல்லருந்தா? அப்ப தாலி குடுத்தது?"

"அதுவும் நடிப்புதான் நைனா."

அவர் வாய் லேசாகத் திறந்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். இதைவிட ஒரு மனுஷன் தன்னை எப்படி நிரூபிக்க முடியும்? ஊரிலே ரயிலிலே எல்லோரும் முதலிலேயே கண்டுபிடித்த திருட்டை, கண்ணுக்கு நேரே காட்டின பிறகும் கண்டுபிடிக்கத் தெரியாத ஆள். நான் அத்தையைப் பார்த்தேன். இப்போதாவது பார்த்தீர்களா என்று பார்த்தேன்.

அத்தை மெதுவாக எழுந்து டிவியை அணைத்தாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"அந்தக் கெழவனா நடிச்சவர வுட நீங்க நல்லா நடிக்கிறீங்கண்ணா."

நைனா அவளைப் பார்த்தார், போட்டோவில் தொங்கின நூலைப் பார்த்தார். வேட்டியைச் சரி செய்துகொண்டு எழுந்து, "வர்றம்மா," என்றார். நான்தான் வாய்க்கு வந்ததைப் பேசினேன். நீங்கள் கொடுத்த குழம்பையெல்லாம் கக்கிவிடுகிறேன் என்றெல்லாம் சொன்னேன். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.

"அவள இன்னாத்துக்குத் திட்ற?" என்றார் வீட்டுக்குள் வந்ததும். "அவ வூட்டுக்காரன் டோக்கன நான்தான வாங்கினேன்."

திங்கட்கிழமை ரயிலில் என் கண் வீங்கியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. இன்னும் அந்தப் படத்தை விடவில்லை அவர்கள். எல்லோரும் நட்சத்திரம் கொடுத்தாகிவிட்டது, நான் மட்டும்தான் பாக்கியாம். எத்தனை என்று நர்ஸ் பிடுங்கினாள்.

"எங்க நைனாகூட உக்காந்து பாத்தேன்," என்றேன். "அந்தக் கெழவன் தாலிய எடுத்ததுக்கப்புறமும் அவர் அவனக் கூட்டாளின்னு நம்பல. நான்தான் வெளக்கிச் சொன்னேன்."

பெட்டியே சிரித்தது. "ஹௌதா, நெஜமாவா? கடைசி சீன்லகூடவா?" என்று சின்னப் பெண் என் தோளில் சாய்ந்து சிரித்தாள். "ஐயோ, சோ ஸ்வீட்! உங்கப்பா மாதிரி வெகுளி உலகத்துலயே கெடையாதுக்கா."

"வாயில வெரல வெச்சாக்கூட கடிக்கத் தெரியாத மனுஷன் போல," என்றாள் நர்ஸ்.

யாரும் கேள்வி கேட்கவில்லை, யாரும் சந்தேகப்படவில்லை. கீரையை ஆய்ந்துகொண்டே என் நைனாவை விடுதலை செய்துவிட்டார்கள். எனக்கு அவர்களைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போலவும் இருந்தது, அந்தக் கீரையைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே எறிய வேண்டும்போலவும் இருந்தது. எத்தனை நட்சத்திரம் என்று மறுபடி கேட்டார்கள். தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது நைனா டீ போட்டு வைத்திருந்தார். டீக்கடைக்குப் போகவில்லை. இனிமேல் போகமாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. இரண்டு டம்ளரில் ஊற்றினார். வேறு எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அந்தப் படத்தப் பத்தி ரயில்ல இன்னா பேசிக்கிறாங்க?"

"நீ பாத்த கதைய சொன்னேன் நைனா," என்றேன். "உன்ன மாதிரி வெகுளி உலகத்துலயே கெடையாதுன்னு சொன்னாங்க. எல்லாருமே சொன்னாங்க."

அவர் சட்டென்று நிமிர்ந்தார். அந்த முகத்தை நான் எப்படிச் சொல்ல? கண்ணெல்லாம் விரிந்துவிட்டது. "யாரு?" என்றார். "நம்ம லைன்காரங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"இல்ல நைனா. வெளி ஆளுங்க. உன்ன யாருன்னே தெரியாதவங்க."

"ஓ," என்றார். டம்ளரைக் கீழே வைத்தார். "அவங்க கையிலருந்து நான் ஒண்ணும் வாங்கலியேம்மா."